எல்லம்மா வீடு வரைக்கும் தார்

டிப்பர் பின்பக்கமாக வந்து நின்றது. அது நிறையத் தாரும் ஜல்லியும் கலந்த சூடான கலவை. பின்கதவைத் திறந்துவிட்டால் அது பேவர் என்கிற சாலை போடும் இயந்திரத்தின் வாய்க்குள் விழும். இயந்திரம் அதைச் சமமாகப் பரப்பிக்கொண்டே நகரும். பின்னால் ரோலர் அழுத்திக்கொண்டு வரும். காலையிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் டிப்பரின் பக்கவாட்டில் ஏறி, கம்பி நீண்ட வெப்பமானியைக் கலவைக்குள் செருகினேன். சூடு சரியாக இருந்தது. வாசனை சரியாக இல்லை.

சூடான தாருக்கு ஒரு வாசனை உண்டு. சாலை போடும் இடத்தைக் கடந்துபோன எல்லோருக்கும் அது தெரியும். இது அந்த வாசனை இல்லை. பைக் மெக்கானிக் கடை வாசனை. கலவையின் மேல் ஒரு மினுமினுப்பு வேறு. எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரியுமே, மயில் கழுத்து நிறம், அது.

நான் கீழே இறங்கினேன். "இந்த லோடு வேணாம். திருப்பி அனுப்பிடுங்க" என்றேன்.

வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மல்லிகார்ஜுனா என்னைப் பார்த்தார். ரோலர் ஓட்டுநர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பாலசமுத்திரம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் அந்தக் காலனியின் மொத்த ஜனமும் சாலை போடுவதைப் பார்க்க வந்திருந்தது. அவர்களும் பார்த்தார்கள்.

அந்த வேலையை நிறுத்த எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நான் அரசு அதிகாரி இல்லை, காண்ட்ராக்டரின் ஆளும் இல்லை. புத்தூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறவள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. அதில் இருக்கும் படம் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை. ஆனால் முதலில் ஆயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், ஒரு பெண் டிப்பரை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பிய விஷயம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

மடியில் ஒரு கேன்

அப்போது நான் நகரியிலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். வாரத்தில் சில நாள் என் மடியில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருக்கும். அதற்குள் கறுப்பாக, கெட்டியாக, வண்டிகளிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில்.

ஒருநாள் கண்டக்டர் கேட்டார். "ஏமம்மா, அதுல இன்னா?"

"எண்ணெய்."

"நல்லெண்ணெயா?"

"வண்டியில இருந்து வடிச்ச ஆயில்."

"இன்னாத்துக்கு?"

"ரோடு போட."

 கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து எனக்குக் கடைசி இருக்கைதான் கிடைத்தது.

அந்த ஆயிலை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சர்வீஸ் கடைக்காரர்கள் அதை எப்படித் தொலைப்பது என்றுதான் தவித்துக்கொண்டிருந்தார்கள். சென்ட்ரிங் போடுகிறவர்கள் பலகையில் தடவக் கொஞ்சம் கொண்டுபோவார்கள். கரையான் வராமலிருக்க வேலிக்காலில் சிலர் பூசுவார்கள். கொசுவுக்காகச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களும் உண்டு. மீதியெல்லாம் கடைக்குப் பின்னால் மண்ணுக்குப் போகும். எந்த மெக்கானிக் கடைக்குப் பின்னால் போனாலும் அந்த மண்ணைப் பார்க்கலாம். புல்லும் முளைக்காது. மழை பெய்தால் மட்டும் வண்ணம் வண்ணமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் நைனா பவர்லூம் ஓட்டுகிறவர். தறியில் துணி ஓடும்போது ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், அந்தத் துணி கழிசலுக்குப் போய்விடும். வாழ்நாள் முழுக்கத் துணியில் எண்ணெய் படாமல் காப்பாற்றிய மனிதர் அவர். அவருடைய மகள் தினமும் துப்பட்டாவில் என்ஜின் ஆயிலோடு வீட்டுக்கு வந்தாள்.  நைனா என் துணிகளைக் காயப்போடத் தனிக்கொடி கட்டினார்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒருமுறை கேட்டார்கள். "பொண்ணு இன்னா பண்ணுது?"

"காலேஜ்ல பாடம் நடத்துது."

"அப்பால?"

நைனாவுக்குப் பொய் சொல்ல வராது. "பழைய ரோட்ட பேத்து எடுத்தாந்து, அதுல பழைய ஆயில ஊத்தி வறுத்துக்கினு கீது" என்றார்.

வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு வேறொரு மாப்பிள்ளை அமைந்தார். அவரைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. இதற்குமேல் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அல்வா பதம்

நைனா சொன்னதில் தப்பே இல்லை. நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்தால் அதில் ஜல்லி அப்படியே இருக்கும். தாரும் இருக்கும். ஆனால் தார் வருடக்கணக்கில் வெயில் தின்று காய்ந்து போயிருக்கும். இழுத்தால் இழுபடாது, உடையும். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது இப்படிச் சுரண்டியதை மலை மலையாகக் குவித்து வைப்பார்கள். அதை மறுபடியும் சூடாக்கிச் சாலை போட முடிந்தால், புதிய ஜல்லிக்காக இன்னொரு குன்றை உடைக்க வேண்டாம். புதிய தாரும் குறைவாகப் போதும்.

காய்ந்த தாரை மறுபடி இளக்க ஏதாவது வேண்டும். அதற்குப் பழைய என்ஜின் ஆயில் உதவும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. பல ஊர்களில் பலர் செய்து பார்த்ததுதான். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் எங்கள் பக்கத்து ஜல்லிக்கும் எவ்வளவு ஊற்றலாம் என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

கொஞ்சமாக ஊற்றினால் தாருக்கு உயிர் வருகிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அதே தார் பிடிப்பை விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகவும் சின்னது.

நான் முதன்முதலில் செய்த உருண்டையை ஒரு கறுப்புக் கேக் என்றே சொல்லலாம். அச்சிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது நிற்கவில்லை. ஆற அமர உட்கார்ந்துவிட்டிருந்தது. நெய் அதிகமாகிப்போன அல்வா மாதிரி. அந்த வழியாக வந்த எங்கள் துறைத் தலைவர் அதைப் பார்த்து, "இதுமேல லாரி போகுமா?" என்று கேட்டார். "லாரி இதுக்குள்ள போகும் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அறைக்குப் போய்விட்டார்.

ஆயிலில் இரும்புத்தூளும் வேறு சில உலோகங்களும் கலந்திருக்கும். சூடாக்கினால் புகை வரும். முகமூடி இல்லாமல் செய்யக்கூடாத வேலை. ஆனால் அது சாக்கடையிலும் கிணற்றிலும் கலப்பதைவிடத் தாருக்குள் அடைபட்டுக் கிடப்பது மேல் என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அளவு முக்கியம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள வச்சா?

காலனிக்கு வருகிறேன்.

மெயின் ரோட்டிலிருந்து காலனிக்குப் போகும் பாதை ரேஷன் கடை வரை ஒரு மாதிரி இருக்கும். அதற்கப்புறம் வேறு மாதிரி இருக்கும். காலனி ஜனங்களின் தாத்தாக்கள் காலத்தில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. பிறகு கிடைத்த துண்டு துண்டு நிலத்தில் இவர்கள் தக்காளி போட்டார்கள். தக்காளியை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் வருவதற்குள் பாதி சட்னியாகிவிடும் என்று சொல்வார்கள். அதில் கொஞ்சம்தான் மிகை.

தக்காளியை ஏற்றிப் போகிறவர் எல்லம்மா. நாற்பதைத் தாண்டியவர். சொந்தமாக லோடு ஆட்டோ வைத்து ஓட்டுகிறவர். காலனியிலேயே கடைசி வீடு அவருடையது. அந்தப் பாதையில் அவருடைய வண்டியின் அச்சு உடைந்திருக்கிறது. ஒருமுறை, உடைந்த வண்டியை விட்டுவிட்டுத் தக்காளிக் கூடைகளைத் தலையில் வைத்து மெயின் ரோடு வரை ஜனங்கள் சுமந்திருக்கிறார்கள். சந்தை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

சாலை போட அனுமதி வந்தபோது அது ரேஷன் கடை வரைக்கும்தான் வந்தது. அதற்குமேல் நிதி இல்லை. அப்போதுதான் எங்கள் கல்லூரி நடுவில் நுழைந்தது. பழைய சாலைக் கழிவைக் கலந்து போட்டால் அதே செலவில் கடைசி வீடு வரை போடலாம் என்றோம். சோதனை முயற்சியாகச் செய்துகொள்ளுங்கள் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். காண்ட்ராக்டரும் ஒப்புக்கொண்டார். காலனியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் போய்க் கேட்டேன். ரேஷன் கடை வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆயில், தார், பழைய ஜல்லி என்று விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எல்லம்மாதான் பேசினார்.

"அப்ப எங்கள வச்சி டெஸ்ட் பண்ணப் போறீங்க."

ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அதுதான் அர்த்தம்.

"இதே ரோட்ட திருப்பதில போடுவீங்களா? பெரிய பெரிய ஆபீஸ் இருக்கிற தெருவுல?"

"இது நல்லா நின்னா அங்கியும் போடலாம்."

"நல்லா நிக்காங்காட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நல்லா நிக்காங்காட்டி எங்களுக்கு ரோடு போட்டாச்சின்னு எழுதிப்பாங்க. போட்ட ரோட்ட இன்னொரு தபா போட மாட்டாங்க. எங்க புள்ளைங்க கெழவனாகுற வரைக்கும் அப்டியே கெடக்கும். நீங்க வேற எங்கனா டெஸ்ட் பண்ணப் போயிடுவீங்க."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆய்வுக்கட்டுரைகளில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசினார்கள். வேண்டாம் என்று ஒரு பக்கம். இதையும் விட்டால் ரேஷன் கடையோடு நின்றுவிடும் என்று ஒரு பக்கம். கடைசியில் எல்லம்மா என்னிடம் வந்தார்.

"சரி, போடுங்க. ஆனா போடற அன்னிக்கி நீங்க வரணும். ஒவ்வொரு லோடையும் நின்னு பாக்கணும். வேற யாரையும் அனுப்பக் கூடாது."

வருகிறேன் என்றேன். பெரிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

செருப்பு

மறுபடியும் டிப்பருக்கு.

மல்லிகார்ஜுனா நல்ல மனிதர். சித்தூர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "மேடம், பிளான்ட்ல பர்னர் தகராறு. மிக்ஸ் கெட்டியா வந்துச்சாம். கொஞ்சம் ஆயில் எக்ஸ்ட்ரா விட்டாங்க. இப்ப பாருங்க, எந்த பாகுந்தி, எவ்ளோ நல்லா இருக்கு. பாலு மாதிரி ஓடும்."

"பாலு மாதிரி ஓடறதுதான் பிரச்சினை."

"மேடம், சூடு ஆறிப்போகும். போட்டுடலாம். அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் பாக்க ஒண்ணும் இருக்காது."

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். டிப்பர் ஓட்டுநர் என்னை நகரச் சொல்லி ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. டிப்பருக்கும் பேவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் காட்சியைப் பற்றி இன்றும் காலனியில் பேசுகிறார்கள். டிப்பர் உறுமிக்கொண்டு நிற்க, அந்தம்மா அசையாமல் நின்றதாம். உண்மை என்னவென்றால், கலவையைப் போடுவதற்கு முன்னால் பிடிப்புக்காகத் தரையில் ஒரு தார்க் குழம்பைத் தெளிப்பார்கள். நான் அதன்மேல்தான் இறங்கியிருந்தேன். இரண்டு செருப்பும் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. நகர வேண்டுமென்றால் வெறுங்காலோடு அந்தத் தாரில் கால் வைக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

எல்லம்மா கூட்டத்திலிருந்து வந்தார்.

"இன்னா ஆச்சி?"

"ஆயில் அதிகமா ஊத்திட்டாங்கக்கா. இத போட்டா வெயில்ல இளகும். மழை வந்தா ஜல்லி பேந்துக்கும்."

"திருப்பி அனுப்பிட்டா வேற லோடு வருமா?"

"தெரியல."

"மிஷின எடுத்துக்கினு போயிடுவாங்களா?"

"தெரியல."

"இன்னாதான் தெரியும் உனக்கு?" முதல் தடவையாக என்னை 'நீ' என்றார்.

"இது கெட்டதுன்னு தெரியும்."

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. என் சாப்பாட்டுப் பையில் ஒரு செய்தித்தாள் இருந்தது. அதை வாங்கி விரிக்கச் சொன்னேன். மண்வெட்டியால் காலையில் போட்ட நல்ல கலவையின் மிச்சத்தில் ஒரு கட்டி எடுத்து ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். டிப்பரிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைக்கச் சொன்னேன். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ள சோதனை இல்லை. அப்போது தோன்றியது, செய்தேன்.

நல்ல கட்டியைச் சுற்றித் தாளில் லேசாக ஒரு கறை படிந்தது. மற்றதைச் சுற்றி எண்ணெய் பரவியது. பரவிக்கொண்டே போனது. ஒரு முழுப்பக்கத் துணிக்கடை விளம்பரம் நனைந்து, பின்பக்கத்து எழுத்து தெரிய ஆரம்பித்தது.

எல்லம்மா குனிந்து பார்த்தார். "பஜ்ஜி கட்டன பேப்பர் மாதிரி கீது" என்றார்.

உடனே மெயின் ரோடு பக்கம் நடந்து போனார். கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். யாரோ ஒரு பெண் எனக்கு ரப்பர் செருப்பு ஒன்றைத் தூக்கிப் போட்டார். முதலில் போட்டது எட்டவில்லை. அதுவும் ஒட்டிக்கொண்டது.

சாவி

சாலை வேலை நடப்பதால் எல்லம்மாவின் லோடு ஆட்டோ காலையிலிருந்து மெயின் ரோட்டு ஓரமாகவே நின்றிருந்தது. மல்லிகார்ஜுனா போனில் பேசி முடிப்பதற்குள் அது வந்துவிட்டது. காலையில் போட்டு, ஆறியிருந்த புதிய சாலைமேல்தான் வந்தது. பாதையின் நடுவில் ஒரு சின்னப் பாலம் உண்டு. இரண்டு பக்கமும் வாய்க்கால். எல்லம்மா வண்டியைப் பாலத்தின்மேல் குறுக்காக நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்தினார்.

பேவரையும் ரோலரையும் ஏற்றிப்போகும் நீளமான டிரெய்லர் மெயின் ரோட்டில் நின்றிருந்தது. டிப்பர்கள் மட்டும் காலனிக்குப் பின்னால் ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்துபோகும். அந்தக் கரை டிரெய்லரைத் தாங்காது. ஆகவே, பாலத்தைத் தாண்டாமல் அந்த இயந்திரங்கள் எங்கேயும் போக முடியாது. இது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மல்லிகார்ஜுனாவுக்கு உடனே புரிந்தது.

"எல்லம்மா, வண்டி தீயி. எடு."

"சாவி காணோம்."

"இப்பதான கையில இருந்துச்சி."

"அதான் எங்க வச்சன்னு தேடிக்கினு கீறேன்" என்றார் எல்லம்மா. அவர் எதையும் தேடவில்லை. ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

காண்ட்ராக்டர் திருப்பதியில் இருந்தார். மல்லிகார்ஜுனா கைபேசியை எல்லோரும் கேட்கும்படி வைத்தார். மறுநாள் பங்காருபாளையத்தில் வேலை இருக்கிறது, மிஷினை ஏற்றி அனுப்பு, மிச்சத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவர் தெலுங்கில் சொன்னார். அடுத்த மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"மிஷின் ராது சார். அட்டமா, குறுக்க ஒரு ஆட்டோ உந்தி" என்றார் மல்லிகார்ஜுனா.

"எவரிதி?"

எல்லம்மா கைபேசியை வாங்கினார். மரியாதையாகத்தான் பேசினார். "வண்டி என்துதான் சார். சாவி கெடைக்கல சார். தேடிக்கினு கீறேன். நல்ல லோடு ஒண்ணு வந்துச்சின்னா கெடைச்சிடும் சார்."

 தொடர்பு அறுந்தது.

எண்ணெய் டிப்பர் ஏரிக்கரை வழியாகத் திரும்பிப் போனது. அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காத அந்த மத்தியானம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சித்திரை வெயில். வேப்பங்காய் அளவு நிழல் கூட இல்லாத இடம். பேவரின் சூடு ஒரு பக்கம், புதிய தாரின் சூடு ஒரு பக்கம். ஜனங்கள் ரேஷன் கடைச் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு செருப்பு வந்து நானும் ஓரத்துக்கு வந்திருந்தேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். "இந்தப் பொண்ணு வராம இருந்திருந்தா இந்நேரம் ரோடு வந்திருக்கும்."

யாரும் அவரை மறுக்கவில்லை. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஒருவேளை அந்த ஒரு லோடு பரவாயில்லாமல் நின்றிருக்குமோ. இரண்டு மழை தாங்கினாலும் அவர்களுக்கு இரண்டு வருடம் சாலை இருந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு உருண்டை உட்கார்ந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்யலாம். இங்கே சுவரோரம் குழந்தைகளும் கிழவர்களுமாக ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது. என் மூக்கை நம்பி இத்தனை பேரை வெயிலில் வைத்துவிட்டேன். எழுந்து போய்விடலாம் என்றால், என்னை நம்பிப் பாலத்தின்மேல் ஒரு ஆட்டோ நிற்கிறது.

எல்லம்மா ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். ஒரு மோர்மிளகாயும் இருந்தது.

"துன்னு."

"அக்கா, லோடு வராம போயிட்டா?"

"வராம போனா போவுது. மிஷின் இருக்குதில்ல. சின்னதா ஒரு பந்தல் போட்டு, அதுல கட கிட வச்சிக்கலாம்." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். பிறகு, கூழைக் குடித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் கை புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. அவருக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு ஏரிக்கரையில் புழுதி கிளம்பியது. முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து டிப்பரின் மூக்கு தெரிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

நான் பக்கவாட்டில் ஏறினேன். வெப்பமானியைச் செருகினேன். குனிந்து மோந்து பார்த்தேன். காலனி மொத்தமும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் என் மூக்குக்கு அவ்வளவு கவனம் கிடைத்ததில்லை.

வெறும் தார் வாசனை.

"போடலாம்" என்றேன்.

மல்லிகார்ஜுனா கைகூப்பினார். எனக்கா, கடவுளுக்கா என்று தெரியவில்லை. பேவர் நகர்ந்தது. பின்னாலேயே இன்னும் லோடுகள் வந்தன. இருட்டுவதற்குள் தார் எல்லம்மாவின் வீட்டு வாசலைத் தொட்டது. ஓட்டுநர் ரோலரை அங்கே நிறுத்தி, இறங்கி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சாவி முந்தானை முடிச்சிலிருந்து வெளியே வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

கல்யாண மண்டபம்

திருப்பி அனுப்பிய லோடு எங்கே போனது என்று பிறகு தெரிந்தது. காண்ட்ராக்டர் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்துமிடம் மண்ணாக இருந்தது. வீணாக்குவானேன் என்று அங்கே கொட்டிப் பரப்பச் சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் வைகாசியில் என் மாணவி ஒருத்தியின் கல்யாணம் அங்கேதான் நடந்தது. முகூர்த்தம் முடிந்து வெளியே வந்தால், நிறுத்தியிருந்த பைக்குகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. வெயிலில் தார் இளகி, ஸ்டாண்டுகள் கீழே இறங்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனைச் சிலர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சகுனமா என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டார். ஆயில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு தூக்கு

சாலை போட்ட வருடமே, ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் சாலையைப் பரிசோதிக்கக் காலனிக்குப் போனேன். எல்லம்மா மெயின் ரோட்டிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். பின்னால் காலிக் கூடைகள்.

சாலை நின்றிருந்தது. ஜல்லி பெயரவில்லை, பள்ளம் விழவில்லை. நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன்.

ரேஷன் கடையை நெருங்கியதும் எல்லம்மா சொன்னார். "இப்ப கெட்டியா புடிச்சிக்கோ."

வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. கூடைகள் எகிறி உட்கார்ந்தன. என் தலை கூரையில் இடித்தது.

இறங்கிப் பார்த்தேன். சாலையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு விரிசல். ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தது. எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அன்றைக்கு வேலை நின்றது அந்த இடத்தில்தான். காலையில் போட்டது ஆறிவிட்டது. சாயந்திரம் வந்த சூடான கலவை அதோடு ஒட்டவில்லை. ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லோடைத் திருப்பி அனுப்பியதால் வந்தது. அந்தச் சாலையில் இருக்கும் ஒரே குறை நான் வைத்தது.

"இதுக்கு மேடம் கோடுன்னு பேரு வச்சிருக்காங்க புள்ளைங்க" என்றார் எல்லம்மா. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இத சரி பண்ணிடலாம்கா. கொஞ்சம் தார் ஊத்தி அடைச்சா போதும். காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி ஆள் அனுப்பச் சொல்றேன்."

 எல்லம்மா வண்டியைக் கிளப்பினார்.

"வேணாம், உடு. அவன் வந்தா அவனையும் நின்னு பாக்கணும். எனக்கு தக்காளி ஏத்தற வேல கீது."